நன்கொடை உறுதி

தலைப்பு இரண்டு மொழியில் இருக்கும்.
தமிழில் நன்கொடை உறுதி.
அதற்கு மேலே, நொத்தாரிசு ஐயாவின் பழக்கப்படி,
டீட் ஒப் கிப்ட்.
கல்முனை நீதிமன்றத்துக்குப் பின்வீதியில்
பதினொரு வருசமாக அதைத் தட்டுகிறேன்,
கல்யாண மாதங்களில் விரல் நோகும் வரை.

கரண்ட் போன ஒரு மத்தியானம்
அலுமாரிக்குள் கிடந்த தடித்த அகராதியை எடுத்தேன்.
கிப்ட் என்றால், ஆதியில்,
பெண்ணுக்காக மாப்பிள்ளை கட்டிய விலையாம்.
சிரிப்பு வந்தது.
இந்தக் கரையில் மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வருவார்.
வீடு அவளுடையது. கிணறும்,
கிணற்றுவாளியும்கூட.

இன்னும் வாசித்தேன்.
முன்பு அவர்கள் வாயில் அது 'யிப்ட்' ஆம்.
வடக்கிலிருந்து கப்பலில் வந்து ஊர் எரித்தவர்கள்
முதலெழுத்தை மாற்றிவிட்டுப் போனார்களாம்.
கொடைக்கான சொல்லிலேயே ஓர் எழுத்து
வேறு யாரோ கொடுத்தது.
அதற்கு உறுதி இல்லை, சாட்சி இல்லை.

ஜேர்மன்காரனுக்கு அதே சொல் நஞ்சு.
வைத்தியர் கொடுத்தது என்று தொடங்கி
கடைசியில் அப்படியாகிப் போனதாம்.
இந்த இடத்தில் எனக்கு அகராதி தேவைப்படவில்லை.
"அவனுக்குக் குடுத்துப் போட்டாளுகள்" என்று
எங்கட பக்கம் யாராவது குரல் தாழ்த்திச் சொன்னால்
என்ன, சீனியா என்று யாரும் கேட்பதில்லை.

நேற்று சாய்ந்தமருதிலிருந்து மூன்று பேர்.
சுலைஹா உம்மா, மகள் றினோஸா,
மூத்தவர் ஜௌபர்.
பத்து பேர்ச் காணி, கல்வீடு, பலன்தரு தென்னை இரண்டு.
கிழக்கெல்லை, பழைய உறுதிப்படி, மீராலெவ்வையின் வளவு.
கடல் வந்துபோன பிறகு
வளவும் இல்லை, மீராலெவ்வையும் இல்லை.
எல்லையை நானாக மாற்ற முடியாது.
அவர் பெயரையே தட்டினேன்.

'இயற்கையான அன்பினதும் பாசத்தினதும் நிமித்தம்.'
எல்லாருக்கும் ஒரே வரி,
கணினியில் சேமித்து வைத்திருக்கிறேன்.
கொடுப்பவர், உம்மா. காணி அவ பேரில்.
சுவர், கூரை, ஹோலுக்குப் பதித்த மாபிள்
யாருடைய பதினாலு வருசத்துக் கட்டார் வெயில் என்று கேட்க
இந்தப் பத்திரத்தில் இடம் விடவில்லை.
ஜௌபர் வாசல் நிலையோடு சாய்ந்து நின்று
பழைய உறுதியின் போட்டோக் கொப்பியால்
உம்மாவுக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

'நன்றியுடன் ஏற்றுக்கொள்கிறேன்.'
அந்த இடத்தில் றினோஸாவின் பேனா நின்றது.
"காக்காட பேரையும் எங்கயாவது போடுங்களன்."
எங்கே போடுவது?
ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
நெடுநேரம் துடைத்தார்.
சாட்சியாகப் போடலாம் என்றார்.

முதலாம் சாட்சி.
'மேற்சொன்ன கொடையாளியை நன்கு அறிவேன்'
என்ற வரிக்குக் கீழே
எழுத்தெழுத்தாக, நிப்பு அமுங்க எழுதினார்.
வயது நாற்பத்தொன்று.
தொழில் வெல்டிங்.
கல்யாணம் ஆனவரா என்று பத்திரம் கேட்பதில்லை.
வதிவிடம் கேட்கிறது.

இந்த முறை பேனா அவர் கையில் நின்றது.
றினோஸா ரோட்டைப் பார்த்தாள்.
உம்மா முக்காட்டை இழுத்துவிட்டா.
"மேற்படி என்று போடுங்க" என்றேன் நான்,
வேறென்ன சொல்ல.

மேற்படி, என்று போட்டார்.
பிறகு பர்சை எடுத்து
முத்திரைச் செலவு எவ்வளவு என்று கேட்டார்.