வீடு பூட்டியிருக்கிறது

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
இந்த ஏற்றத்தில் பைக்கைத் தள்ளிக்கொண்டு வருவேன்.
கூவைக்காடு லைன், முப்பத்தியொரு இணைப்பு.
கீரிப்பாறைக்கு மேலே, ரப்பர் முடிகிற இடம்.

கோடையைத் திருநெல்வேலிக்காரர்களுக்கு
விட்டுக்கொடுத்திருந்தோம் நாங்கள்.
நமக்கு இடவப்பாதி உண்டு, ஐப்பசி மழை உண்டு என்று
கட்டஞ்சாயாக் கடையில் பெருமை பேசுவோம்.
இந்த வருடம் இலை உதிர்த்த ரப்பர்
பங்குனி முடிந்தும் தளிர்க்கவில்லை.
முழங்காலளவு சருகு.
ஓடையில் கல்தான் மிச்சம்.

போன முறை எல்லா மீட்டரும் எகிறியிருந்தது.
"ராத்திரி முழுக்க ஃபேன் ஓடுது சாரே,
காத்துதான் வரல்ல" என்றாள் ஏசுவடியாள்.

பிறகு காற்று வந்தது.
ஆரல்வாய்மொழியில் காற்றாலைகளைச் சுற்றிய கையோடு
ஒரு பிற்பகல் மலையேறியது,
நெருப்பை முன்னால் விரட்டிக்கொண்டு.
சிரட்டைகளில் உறைந்த ஒட்டுப்பால் எரிந்த புகை
நாகர்கோவில் வரை தெரிந்ததாம்.
நான் அப்போது பூதப்பாண்டியில்
யாரோ வீட்டு வாசலில் மோர் குடித்துக்கொண்டிருந்தேன்.

தவசிமுத்து, எண் பதினொன்று.
கதவைப் பூட்டிவிட்டு
ஆட்டை அவிழ்க்கப் போனவன்.
வள்ளிமயிலும் கைக்குழந்தையும், எண் பத்தொன்பது.
இன்னும் பெயர் வைத்திருக்கவில்லை;
பட்டியலில் "வள்ளிமயில் மகள்" என்று இருக்கிறது.
ஞானசிகாமணி ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில்
ஆறு நாள் பேசினார்.

பீடித்துண்டு என்கிறது ஃபாரஸ்ட்.
சூட்டில் தொய்ந்த கம்பி
அயனி மரக்கொப்பில் உரசியது என்கிறார்கள் லைனில்.
அந்தக் கொப்பை நான் பார்த்திருக்கிறேன்.
போன முறை. தலைக்கு நேர் மேலே.
கணக்கெடுப்பது மட்டும்தான் என் வேலை.
இதை எத்தனை முறை சொல்லிக்கொண்டாலும்
கொப்பு அங்கேயே இருக்கிறது.

மீட்டர்கள் சுவரில் உருகி வழிந்து
இறுகிக் கிடக்கின்றன.
கையிலிருக்கும் கருவி ரீடிங் கேட்கிறது.
எண் இல்லையென்றால் காரணம் கேட்கிறது.
வீடு பூட்டியிருக்கிறது.
மீட்டர் பழுது.
இரண்டே காரணம்தான் அதற்குத் தெரியும்.
பொய்யென்றும் சொல்ல முடியாது.
எண் பதினொன்றில் கதவு இருந்த இடத்தில்
சாம்பலுக்குள்
பூட்டு பூட்டியபடியே கிடக்கிறது.

பள்ளிக்கூட முகாமிலிருந்து
நடந்தே வந்திருக்கிறாள் ஏசுவடியாள்.
சேலை மடிப்பிலிருந்து வெள்ளை அட்டையை எடுக்கிறாள்.
ஓரம் கருகிய அட்டை.
ஓடும்போது ஆணியிலிருந்து பிடுங்கியதாம்.
தாலிச் சங்கிலி அலமாரியிலேயே போயிற்று.

"எழுதுங்க சாரே."
என்னத்த எழுத?
"தேதியப் போடுங்க.
வீடு இருந்துச்சு, நீங்க வந்தீங்க,
அது அதுல இருக்கட்டும்."

தேதியை எழுதினேன்.
அடுத்த கட்டத்தில் பேனா நிற்கிறது.
வியர்வை சொட்டி
போன முறை எழுதிய எண் கலங்குகிறது.
அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.
நான் தலையை நிமிர்த்தவில்லை,
அவளைப் பார்க்கவும்,
அதற்கு மேலே பார்க்கவும்.