பசை எட்டாத மூலை

தொண்ணூறடி ரோட்டில்
மாவுக் கடைக்கும் மொபைல் கவர் கடைக்கும் நடுவே
ஆறடிக்கு நாலடி என் கடை.
ஆதார் திருத்தம், பான் கார்டு, எல்லா ஃபார்மும்.
ராத்திரி பதினொன்றே முக்கால்.
பன்னிரண்டுக்கு ஸ்காலர்ஷிப் கதவு சாத்திவிடும்.

"கால் மணி நேரம் கெடக்குல்லா, ரெஜினாக்கா"
என்று மகளின் மார்க் ஷீட்டை நீட்டினார் பேச்சிமுத்து.
உறையெல்லாம் மழை.

போட்டோ ஐம்பது கேபிக்குள் வேண்டும் என்கிறது சர்க்கார்.
சுருக்கித் தருகிற தளம் இலவசம்.
இலவசம் என்றால் தெரியும்தானே.
வாசலுக்கு இரண்டு காவல் போட்டிருக்கிறேன்,
ஒன்றுக்கு மாதம் நூற்று நாற்பத்தொன்பது ரூபாய்.
இரண்டும் விழித்திருக்க
நட்ட நடுத் திரையில் வந்து குதித்தாள்
ரம்மி ஆடக் கூப்பிடும் பெண்,
கை நிறைய வளையல், கை நிறைய நோட்டு.

வலது மேல் மூலையில் பெருக்கல் குறி. அமுக்கினேன்.
அது குறியில்லை, குறியின் படம்.
இன்னொரு ஜன்னல் திறந்து
உங்கள் கணினியில் பதின்மூன்று வைரஸ் என்று அலறியது.
அதை மூடப் போனால்
அனுமதிக்கிறீர்களா என்று கேட்டது.
வேண்டாம் என்பதற்குப் பொத்தானே இல்லை.
சத்தத்தைக் குறைத்தேன். கெட்ட வார்த்தை சொன்னேன்.
பதினொன்று ஐம்பத்திரண்டு.

பேச்சிமுத்து ஸ்டூலை இழுத்துப் போட்டு
திரையை நெருங்கிப் பார்த்தார்.
ராத்திரியில் சுவர் சுவராய் நோட்டீஸ் ஒட்டுகிறவர்.
நகக்கண்ணில் மைதா,
எலி தின்னாமலிருக்கக் கலக்கிய மயில்துத்தத்தின் நீலம்.
"நல்லா ஒட்டிருக்கான்" என்றார்.

"காவலுக்கு ஆள் இல்லையா?"
இருக்கு. ரெண்டு.
"ஆளைத் தாண்டிப் போனாத்தானே பிடிப்பான்.
நாங்க மாட்டுங்கா ரயில்வே சுவருக்குப் போகும்போது
வெள்ளையடிக்கிறவன் சட்டையில போவோம்.
சுவரோட சொந்த ஆளுன்னு நினைச்சு
வாட்ச்மேனே ஏணியப் பிடிப்பான்."

சிரிக்க நேரமில்லை. ஐம்பத்து நாலு.

"ஓடிக்கிட்டே ஒட்டுறவனுக்கு
ஒரு மூலைக்குப் பசை எட்டாது.
மேல தேடாதீங்க, அங்கதான் எல்லாரும் தேடுவாங்க."
ஈர விரல் திரையில் இறங்கியது,
நோட்டுக் கட்டைத் தாண்டி, முழங்கையைத் தாண்டி
கீழே, இடது ஓரம்,
கடைசி வளையலின் நிழலுக்குள்
சாம்பலில் சாம்பலாய்
எள்ளில் பாதி அளவுக்கு ஒரு பெருக்கல்.

அவள் போனாள். வைரஸ் பதின்மூன்றும் போயின.
நாற்பத்தெட்டு கேபியில்
இரட்டைச் சடையோடு அவர் மகள் வந்தாள்,
கொஞ்சம் மங்கலாக.
ஐம்பத்தெட்டுக்கு விண்ணப்ப எண் கிடைத்தது.
அதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.
பேப்பரில் அச்சடித்துத் தருகிறேன் என்றேன்.
"பேப்பர நான் நம்புறதில்ல."
முப்பது ரூபாய். வாளியைத் தூக்கிக்கொண்டு
சயான் பக்கம் நடந்துவிட்டார்.

காலையில் வந்தால்
நோட்டீஸ் ஒட்டாதீர் என்று மூன்று மொழியில்
நான் எழுதி வைத்த ஷட்டரில்,
மூன்று மொழியையும் மூடி,
மூன்றே நாளில் மூலம் குணம்.
சிவப்பு எழுத்து, போன் நம்பர், ஈரம் காயாத நீலம்.

மாவுக் கடைக்காரர் சுரண்டுகிற தகடு எடுத்து வந்தார்.
பக்கெட்டில் தண்ணீரும் கேட்டுவிட்டேன்.
வைய வாயெடுத்த நேரம்
கை தானாகக் கீழே போனது, இடது ஓரத்துக்கு.

இரண்டு விரல் அகலம் பசையே படவில்லை.
போதாததற்கு
நுனியை மடித்தும் விட்டிருந்தது.

ஒரே இழுப்பு.
கிழியாமல் முழுத்தாளாக வந்தது.

பின்பக்கம் நல்ல வெள்ளை.
சர்வர் வேலை செய்யவில்லை, மதியம் வரவும்
என்று எழுதித் தொங்கவிட்டிருக்கிறேன்.