பதினேழு முட்டை

"நாப்பது வெச்சரட்டுங்களாக்கா?
மைலேஜ் குடுக்கும்" என்பான்
மேட்டுப்பாளையம் பெட்ரோல் பங்கில்
காற்றடிக்கும் ஜக்கரியா.

ஒருநாள் சரியென்றேன்.
கோத்தகிரி ஏறுவதற்குள்
பதினேழு முட்டை.
மஞ்சள் ஒழுகும் அட்டைகளை
பேக்கரி போஜன்
ஒன்றும் சொல்லாமல் எண்ணினார்.

குறைத்தும் ஓட்டினேன்.
குஞ்சப்பனை வளைவில் வண்டி
தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல் திரும்பியது.

இப்போது கேஜ் என்னிடமே.
விடியுமுன்,
சக்கரம் ஒரு சுற்றும் உருளாதபோது,
விறைத்த விரலால் மூடி திருகுகிறேன்.
நேற்று கீழே, ஓடிய சூட்டில்
முப்பத்தாறு காட்டிய அதே டயர்
இங்கே முப்பது.

கதவோரம் பாதி உரிந்த ஸ்டிக்கரில்
மிச்சமிருப்பது முப்பத்திமூன்று.
அதை நம்புகிறேன்.

கால்பம்பின் ஒவ்வொரு மிதிக்கும்
என் வாயிலிருந்தும்
வெள்ளையாய்க் கொஞ்சம் காற்று.