ஏற்றுமதிப் பதிப்பு

ஔலுவில் நாங்கள் ஆடிய கேசட்டில்
அந்தக் கப்பல்காரன் காபிதான் குடிப்பான்.
மூன்று கோப்பை.
பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பான்,
கதவென்று நினைத்துப் பீப்பாயைத் தட்டுவான்.
நானும் மெர்வியும் விழுந்து விழுந்து சிரிப்போம்.

இருபத்தாறு வருடம் கழித்து
ஒரு ஜனவரி ராத்திரி
சிப்பைக் கழற்றி
உள்ளிருந்ததை எண்களாகக் கொட்டிப் பார்த்தேன்.
ஜப்பான் பதிப்பில் அவன் குடித்தது
சாக்கே, அரிசிச் சாராயம்.
பிள்ளைகளுக்கு ஆகாதென்று
சொல்லை மட்டும் மாற்றி அனுப்பியிருக்கிறார்கள்;
தள்ளாட்டத்தை மாற்ற
யாருக்கும் நேரமில்லை போலும்.
பாட்டிலின் படம்கூட உள்ளேயே கிடக்கிறது,
பதினாறுக்குப் பதினாறு புள்ளி, மங்கிய பச்சை.
அழிக்கவில்லை.
அழைக்காமல் விட்டிருக்கிறார்கள்.

மெர்விக்கு அனுப்பினேன்.
சிரிப்பாள் என்று பார்த்தால்
வெகுநேரம் பதிலே இல்லை.
விடியும் முன் எழுதியிருந்தாள்:
"அப்பாவின் நீல பிளாஸ்க் ஞாபகம் இருக்கா?
உறைந்த கடலில் துளை போட்டு
மீன்பிடிக்கப் போவாரே, அப்போது கொண்டுபோவது.
திரும்பி வந்து ஒருநாள்
பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு நின்றார்.
அதில் காபி என்று
நமக்குச் சொன்னது அம்மா."