பச்சை வாசம் போகும்வரை

ஒன்பது முட்டையின் வெள்ளை.
சர்க்கரை முக்கால் கிலோ, முந்திரியும் அதே.
மாவாகவும் இல்லாமல் ரவையாகவும் இல்லாமல்
பொடித்துக்கொள்ள வேண்டும்.
இதுவரை தராசு போதும்.

அப்புறம் பெரியக்கா ஜெசிந்தாவின் குரல்,
தூத்துக்குடியிலிருந்து, நாற்பத்தோரு வினாடி:
"அடுப்புல வச்சிட்டு அங்கயே நில்லுட்டி.
மொதல்ல பச்சை வாசம் போகும்.
பொறவு ஒரு வாசம் வரும், ஒனக்கே தெரியும்.
அப்ப சூட்டைக் கொறைச்சிரு.
மணிக்கணக்கெல்லாம் இதுக்குக் கெடையாது."

ஒனக்கே தெரியும்.
மூன்று வருடமாக இந்தச் சொல்லை
எங்கே இறக்கிவைப்பது என்று தெரியவில்லை.
காய்ச்சல் போனபோது மூக்கையும் நாக்கையும்
கூட்டிக்கொண்டு போனதை
அக்காவிடம் சொல்லவும் இல்லை.

சால்மியாவில் ஒரு டாக்டர்
நான்கு புட்டிகளைத் தந்து தினமும் முகரச் சொன்னார்:
கிராம்பு, எலுமிச்சை, ரோஜா, தைலம்.
நான்கிலும் கண்ணாடிதான் இருந்தது.
வார்டில் பெட்பான் எடுக்கும் நேரம்
"நீ கொடுத்துவச்சவ" என்பாள் லிஸி.
அப்போது நானும் சிரிப்பேன்.

குடியிருப்பு அட்டையில் அரபியில் இருப்பதை
தமிழில் படித்துப் பார்த்தேன் ஒருநாள்:
வாசம், மங்காஃப், நான்காம் பிளாக்.
இன்னும் பதினான்கு மாதம் செல்லும்.

முதல் தட்டு கருகியபோது
கதவை இடித்தது ஹாரிஸ் மொத்தின்,
கையில் சிவப்புத் தீயணைப்பானோடு.
திறந்து, என்ன வேண்டும் என்று கேட்டேன்
என் முதுகுக்குப் பின்னால் புகை நிற்பது தெரியாமல்.

அதிலிருந்து ஒரு ஏற்பாடு.
வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வருவார்.
பாதி திறந்த கதவு, பிளாஸ்டிக் ஸ்டூல்,
வாசலுக்கு வெளியே செருப்பு.
இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத
ஓர் ஓட்டை இந்தி.

"இப்போ?"
"ஈரச் சாக்கு."

முதல் மாதம் இதற்கே எரிச்சல் வந்தது எனக்கு.
சாக்கா? முந்திரி கிலோ என்ன விலை தெரியுமா?

"இப்போ?"
"வங்கியில வாங்கின புது நோட்டு."

கண்ணாடிக்குள் கூம்புகள் வெளிறி நிற்கின்றன.
நுனிகளில் மட்டும் லேசாக ஒரு பழுப்பு.
அதை நம்பித்தான் முன்னே ஏமாந்தேன்.

"இப்போ?"
பதில் இல்லை.
"சொல்லுங்க பாய், கருகுதா?"
"இல்ல. குழந்தையோட தலை.
எண்ணெய் வச்சு, வெயில்ல ஆடிட்டு வந்த தலை."

கொமில்லாவில் அவருக்கு ஒரு மகள்.
வயது என்ன என்று நான் கேட்கவில்லை.
சூட்டைக் குறைத்தேன்.

இரவு, நோட்டில், அளவுகளுக்குக் கீழே எழுதினேன்:
ஈரச் சாக்கு. திறக்காதே.
புது நோட்டு. பக்கத்தில் நில்.
குழந்தையின் தலை. குறை.

அக்கா கூப்பிட்டாள்.
"வாசம் எப்படிட்டி வந்துச்சு?"
நோட்டைப் பார்த்து அப்படியே வாசித்தேன்.
அந்தப் பக்கம் மிக்ஸி ஓடி நின்றது.
"நோட்டு தப்பு" என்றாள் கொஞ்சம் கழித்து.
"அது புதுசா இஸ்திரி போட்ட சட்டை.
மத்ததெல்லாம் சரி.
ஏட்டி, யாரு ஒனக்கு இப்படிச் சொல்லித்தந்தா?"

சட்டையையும் எழுதிக்கொண்டேன், நோட்டை அடிக்காமல்.
கேள்விக்கு, சிக்னல் சரியில்லை என்றேன்.

இன்று அகமதிப் பக்கத்துக் காற்று.
எண்ணெய் ஆலை அழுகுது என்று முகம் சுளித்து
மொத்தின் எழுந்து ஜன்னலைச் சாத்துகிறார்,
தட்டின்மேல் அது இறங்கிவிடும் என்று.
சாத்தினதும் என்ன மாறியது என்று பார்க்கிறேன்.
ஏசியின் சத்தம் கொஞ்சம் கூடியிருக்கிறது.

ஒன்றை எடுத்துக் கடிக்கிறேன்.
ஓடு உடைகிறது, உள்ளே சின்னதாய் ஒரு பிசுக்கு.
பல் வரைக்கும் எல்லாம் சரியாக இருக்கிறது.

டப்பாவில் அடுக்கும்போது எண்ணினேன், அறுபத்திரண்டு.
அறுபத்தி நான்கு பிழிந்தேன்.
மொத்தின் வாய் நிறைய இருக்கிறது,
நான் கேட்டாலும் இப்போது பதில் வராது.