ஒத்தக்கால்ல நிக்கிறா

சனிக்கிழமை மதியம்,
காக்ஸ் டவுன் மார்க்கெட்டுக்கு மேலே, மாடியில்
தைல வாசனையோடு முட்டிவலிக்காரர்கள் இறங்கிப் போனபின்
ரோவீனாவின் பாலே வகுப்பிலிருந்து பிள்ளைகள் வருவார்கள்.
ஆறு பேர். ஆறு கொண்டை.
ஒவ்வொரு பையிலும்
இன்னும் வாங்காத ஒரு ஷூ.

விரல் நுனியில் ஏறி நிற்கலாமா
என்று நான் சொல்ல வேண்டும்.

முதலில் பாதத்தை நனைக்கச் சொல்வேன்.
சிவப்புத் தரையில் நடந்து போவார்கள்.
வளைவு எங்கே, எடை எங்கே,
எந்த விரல் வேலை செய்யாமல் கூடவே வருகிறது,
எல்லாம் தரை சொல்லிவிடும்.
மின்விசிறி அழிப்பதற்குள்
எழுதிக்கொள்ள வேண்டும்.

பிறகு பென்சில். என் மகன் முனை கடித்தது.
நீட்டிய பாதத்தில், கணுக்கால் மடிப்பின்மேல்
எலும்பில் இடிக்காமல் படுக்க வேண்டும்.
இடித்தால், இன்னும் வழி திறக்கவில்லை.

ஆக்னஸ் படியிலேயே ஆரம்பித்துவிட்டாள்:
"இந்த வருஷமே வேணும்னு
ஒத்தக்கால்ல நிக்கிறா, மேடம்."
நிற்கட்டும், அதைத்தான் பார்க்கப் போகிறேன் என்றேன்.
பெனிட்டா சிரிக்கவில்லை.
பன்னிரண்டு வயதுக்கு
இந்த மாதிரி வேடிக்கையெல்லாம் ஆகாது.

சுவரில் இரண்டு விரல் மட்டும்.
முட்டி நேர். ஒரு குதிகால் எழும்பி இறங்கி, இருபத்தைந்து தடவை.
போனில் மெட்ரோனோம்.
கீழே கொத்தமல்லிக் கட்டின் விலை
கன்னடத்தில் ஏறித் தமிழில் இறங்குகிறது.
பதினொன்று, பன்னிரண்டு.
கெண்டைக்காலுக்குள் நிஜமாகவே ஒரு மீன்
துள்ளத் தொடங்குகிறது.

இருபதில் முட்டி மடங்கியது.
நூலளவு. ஆக்னஸ் பார்க்கவில்லை.
நான் பார்த்தேனா என்று
பெனிட்டா பார்த்தாள்.
இருபத்தைந்து வரை எண்ணி முடித்தேன்.
பேனா தாளுக்கு மேலேயே நின்றது.

"பத்தொம்பதுதான் ஆன்ட்டி.
மிச்சம் ஆறும் ஏமாத்து."

மே மாதத்திலிருந்து நாலு சென்டிமீட்டர் வளர்ந்திருக்கிறாள்.
எலும்பு புது உயரத்துக்குக் குடிபோய்விட்டது,
தசை இன்னும் பழைய வீட்டில்.
விரல் எலும்புகளின் ஓரத்தில் குருத்து விரியவில்லை.
கையால் விரித்தால் கிழியும்.
ஜனவரியில் பார்க்கலாம் என்றேன்.

அப்போதுதான் ஆக்னஸ் பையைத் திறந்தாள்.
ஐந்து பையில் இல்லாதது இந்தப் பையில் இருந்தது.
சந்தன நிறம். ரிப்பன் தைத்து,
நூல் பிரியாமலிருக்க
முனைகளை அடுப்பில் காட்டிக் கருக்கி வைத்திருந்தாள்.
லிங்கராஜபுரத்தில் தையல் கடை அவளுடையது.
"வளர்ற புள்ளைக்கு
இழுத்துவிட மடிப்பு வச்சுத் தைக்கிறவ நான்.
இதுல மடிப்புக்கு எடமே இல்லையே மேடம்."
முஷ்டியை உள்ளே விட்டு
மேஜையில் தட்டினாள்.
மரம்போல ஓசை.
அப்புறம் ஏனோ இன்னொரு முறை, மெதுவாக.

பெனிட்டா சன்னலோரம் நின்று
கத்தரிக்காய் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
நிற்பது இரண்டு காலிலும்தான்.

எல்லோரும் போனபின் தண்ணீர்த் தட்டைக் கவிழ்த்தேன்.
பக்கத்தில், சுவரை ஒட்டி
பெருவிரல் நகத்தளவு ஒரு ஈரம்.
குதிகாலைக் காணோம், பாதத்தையும் காணோம்.
எப்போது ஏறினாள்?
அடுத்த சனிக்கிழமை திட்ட வேண்டும், கடுமையாகவே.
விளக்கை அணைத்தேன்.
மின்விசிறியையும் நிறுத்திவிட்டுப்
பூட்டினேன்.