ஒன்பதாம் ஆண்டுக் கணக்கு

ஐஸ் ஃபாக்டரியை விற்ற பணத்தைக்
கட்டப் போன அன்று
மஞ்சக்குப்பம் வங்கியில் கேட்டார்கள்:
"பாதிரி அறக்கட்டளையா, நீங்க கிறிஸ்டியனா?"
"மரம்ங்க. நம்ம கோயில் மரம்," என்றார் அப்பா.
அதே மரத்தின் இன்னொரு பெயரைத்தான்
தம்பிக்கு வைத்திருக்கிறோம் என்பதை
அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

பாடலீசன் கண்டுபிடித்துவிட்டான்.
"செத்தவன் பேர்லதான டிரஸ்ட் வெப்பாங்க,
எனக்கு என்ன அதுக்குள்ள அவசரம்?"
மாத்திரை ஒத்துப்போகிற நாட்களில்
எங்கள் வீட்டில் அவனைப் போல் சிரிக்கவைக்க ஆளில்லை.

பத்தொன்பது வயதில்
கம்ப்ரஸருக்குள் இரண்டு பேர் பேசுகிறார்கள் என்றான்.
பழைய மிஷின், அப்படித்தான் முனகும் என்றோம்.
எண்ணெய் மாற்றினோம். பேரிங் மாற்றினோம்.
ஒரு புரட்டாசி இரவில் கரண்ட் போய்
துறைமுகம் முழுக்க அடங்கிக் கிடந்தபோது
உப்பனாற்றுப் பக்கமாக முகம் திருப்பி
அவன் இன்னும் தலையாட்டிக்கொண்டிருந்தான்,
"சரி, சரி" என்று,
யாருக்கோ.

அதற்குப் பிறகு நாற்பது வயது வரைக்கும்
நான் மின்விசிறிச் சத்தத்தை உற்றுக் கேட்டேன்.
எதுவும் பேசவில்லை அது.
ஏன் பேசவில்லை என்றும் கேட்டேன்.

ஆராய்ச்சிக்கு ரத்தம் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி.
படிவத்தில் என் பெயர் இல்லை.
'குடும்பம் 47, நலமான உடன்பிறப்பு.'
கையெழுத்துப் போடும்போது
'நலமான' என்ற இடத்தில் பேனா நின்றது.
பக்கத்து நாற்காலியில்
சட்டைக் கையை மடித்தபடி 47-இன் மற்றவன்
நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தான்,
"அவங்களுக்கு ஊசின்னா பயம், எனக்கு முதல்ல."

மூன்று வருடம். முப்பத்தெட்டு லட்சம்.
இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள்:
பண்ருட்டியில் முந்திரி உடைக்கிறவர்கள்,
நெய்வேலி ஷிஃப்டுக்குப் போகிறவர்கள்,
மகளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுக்
கதவைத் திறக்காமலே
"இங்க அப்படி யாரும் இல்ல" என்ற ஒரு வீடு,
ஆறு மாதம் கழித்து அவர்களாகவே வந்தார்கள்.

புதுச்சேரியிலிருந்து டாக்டர் பெர்னதெத்
தென்பெண்ணைப் பாலம் தாண்டி வந்து
எங்கள் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்தார்.
"நாங்க தேடின தொடர்பு அங்க இல்லைங்க."
சுற்றி வளைக்காமல் சொன்னதற்காக
அவரை எனக்குப் பிடித்தது.
ஆடிட்டர் ராஜமாணிக்கம் கண்ணாடியைத் துடைத்தார்:
"பயன்னு ஒரு காலம் இருக்கு, அதுல என்ன எழுத?"

யாரும் பேசவில்லை.
அப்பா காதுக்கருவியைத் திருகினார்.
"நான் வித்ததெல்லாம் உருகுற சரக்கு.
கரைக்கு வர்றதுக்குள்ள பாதி தண்ணி.
ஆனா மீனு கெடாம வந்துது."
ஆடிட்டர் அதை எழுதிக்கொள்ளவில்லை.

பாடலீசன்தான் கேட்டான்,
முறுக்கைத் தட்டில் வைத்துவிட்டு:
"எங்க ரத்தத்துல மிச்சம் இருக்குமே, அது எங்க?"
"பத்திரமா இருக்கு.
மைனஸ் எண்பது டிகிரி.
வேற கேள்வி வரும்போது மறுபடி எடுப்போம்."
"அப்பா," என்றான், "நம்ம பழைய வேலைதான்!"

எண்பத்தொரு வயது மனிதர்
அன்றைக்கு முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.
"கரண்ட் போனா?"
"ஜெனரேட்டர் இருக்குங்க."
"ஒண்ணா?"
"ஒண்ணு."
"தானே புயல்ல எத்தனை நாள் இருட்டுல கெடந்தோம் தெரியுமா?
டீசல் எத்தன மணி நேரம் வரும்?
கதவு ரப்பர் யாரு பாக்குறா?
ராத்திரில ஆள் இருக்கா?"

டாக்டர் குறித்துக்கொண்டே இருந்தார்.
காபி ஆறி ஏடு கட்டியது.

ஒன்பதாம் ஆண்டுக் கணக்கில் நான் எழுதியது:
இரண்டாவது ஜெனரேட்டர், ஒன்று.
இரவுக் காவலர் சம்பளம், பன்னிரண்டு மாதம்.
பயன் என்ற கட்டம்
இந்த வருடமும் காலி.
அதன் ஓரத்தில், பென்சிலில்,
என் தம்பியின் கையெழுத்து:
உருகவில்லை.